துண்டுகளைக் கொண்டு பெயர் சொல்லும் கம்ப்யூட்டர் - ஒரு சிறு வரலாறு

ப்ளஸ் டூவில் சால்ட் அனாலிஸிஸ் செய்யாமல் நம் கல்லூரிக்குள் நுழைந்தவர்கள் மிகச் சிலரே. (டிப்ளமோ முடித்து நேராக இரண்டாம் ஆண்டில் வந்து சேர்ந்த நண்பர்கள் மன்னிக்க!) ஒரு காகிதப் பொட்டலத்தில் கொஞ்சம் உப்பு கொடுப்பார்கள். நீலமாக இருந்தால் காப்பர் என்று பாதி வேலை முடிந்த மாதிரி ஒரு நிம்மதி. சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சூடாக்கும்போது அம்மோனியா வாடை மூக்கைத் துளைத்தால் அமோனியம். ரெக்கார்டு நோட்டில் மூன்று பத்திகள் இருக்கும்: எக்ஸ்பெரிமென்ட், அப்சர்வேஷன், இன்ஃபரன்ஸ். முதல் சோதனைகளில் "இன்னது இருக்கலாம்" என்று எழுதுவோம். உறுதிச் சோதனை செய்த பிறகுதான் "இருப்பது உறுதி" என்று எழுத அனுமதி.

இத்தனை வருடம் கழித்து ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளலாம். நாம் யாரும் அந்த உப்பைக் கண்டுபிடிக்கவில்லை. சிலபஸில் இருந்த உப்புகளில் இது எது என்று தேர்ந்தெடுத்தோம், அவ்வளவுதான். லேபில் தவறுதலாகப் பட்டியலில் இல்லாத ஒரு பாட்டிலிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தால் வகுப்பே ஏதோ ஒரு தவறான விடையை முழு நம்பிக்கையோடு எழுதி வைத்திருக்கும்.

பட்டியலில் தேடுவதா, யோசித்துக் கண்டுபிடிப்பதா? இந்தக் கேள்வியைக் கம்ப்யூட்டரிடம் கேட்ட கதைதான் இந்தக் கட்டுரை. அறுபது வருடத்துக் கதை. வேதியியல் கருவிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் இது என் தொழிலின் கதையும்கூட.

உடைத்தால் தெரியும்

முதலில் கருவியைப் பற்றி இரண்டு வார்த்தை. இதற்குப் பெயர் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். பாடப்புத்தகத் தமிழில் நிறை நிறமாலைமானி. கேம்பிரிட்ஜில் ஜே.ஜே.தாம்சன் 1912-13 வாக்கில் நியான் வாயுவில் 20, 22 என்று இரண்டு எடைகள் இருப்பதைக் கண்டார். அவரிடம் வேலை பார்த்த ஆஸ்டன் 1919-ல் கருவியைச் செம்மைப்படுத்தி, 1922-ல் நோபல் பரிசும் வாங்கினார்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. ஆவியாக்கிய பொருளின் மேல் எலெக்ட்ரான்களை (வழக்கமாக 70 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலில்) மோதவிட வேண்டும். மாலிக்யூல் மின்னேற்றம் பெற்று உடையும். துண்டுகளை எடைவாரியாகப் பிரித்து, எந்த எடையில் எவ்வளவு என்று கோடுகளாக வரைந்தால் அதுதான் மாஸ் ஸ்பெக்ட்ரம். பிள்ளையார் கோயில் வாசலில் உடைக்கிற சூறைத் தேங்காய் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி சிதறும். இங்கே கோடிக்கணக்கான மாலிக்யூல்கள் ஒரே சமயத்தில் உடைவதால், மொத்தமாகப் பார்க்கும்போது ஒரு பொருள் எப்போதும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் உடைகிறது. அதனால்தான் துண்டுகளைப் பார்த்து முழுசை ஊகிக்க முடிகிறது.

உதாரணமாக, இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். கூட்டினால் எடை 46. இதே அணுக்களை ஒரு மாதிரி கோத்தால் எத்தனால், அதாவது சாராயம். வேறு மாதிரி கோத்தால் டைமெத்தில் ஈதர் என்ற வாயு. எடையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று. உடைத்துப் பார்த்தால் எத்தனாலில் மிக உயரமான கோடு 31-ல் நிற்கும். ஈதரில் 45-ல் நிற்கும். குட்டு வெளிப்பட்டுவிடும்!

46-க்கு இது சரி. அணுக்கள் கூடக் கூடத்தான் வினை. பத்துக் கார்பன் கொண்ட ஆல்கேனை 75 விதமாகக் கோக்கலாம். இருபது கார்பன் என்றால் 3,66,319 விதம். அனுபவமுள்ள கெமிஸ்ட் இத்தனையையும் தாளில் எழுதிப் பார்ப்பதில்லை. ஸ்பெக்ட்ரத்தைப் பார்த்ததுமே பெரும்பாலானவற்றைத் தள்ளிவிடுகிறார். எப்படித் தள்ளுகிறார்? அதை எழுதி வாங்க முடியுமா?

செவ்வாய்க்காக ஒரு புரோகிராம்

ஜோஷுவா லெடர்பெர்க் அமெரிக்க மரபியல் விஞ்ஞானி. பாக்டீரியாக்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1958-ல், 33 வயதிலேயே நோபல் பரிசு பெற்றவர். அவருடைய கவனம் விண்வெளிக்குத் திரும்பியதற்கு நம் நாட்டோடு ஒரு தொடர்பு உண்டு. 1957 நவம்பரில் அவர் கல்கத்தாவில் ஜே.பி.எஸ்.ஹால்டேனைப் பார்க்க வந்திருந்தார். ஸ்புட்னிக் பறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அன்று சந்திர கிரகணம் வேறு. ரஷ்யர்கள் நிலவில் ஏதாவது செய்து காட்டுவார்களோ என்று பேச்சு ஓடியது. லெடர்பெர்குக்கு அப்போது பிடித்துக்கொண்ட கவலை இது: விண்கலத்தோடு நம் பூமியின் அழுக்கும் கிருமியும் போய் ஒட்டிக்கொண்டால், பிறகு அங்கே எதைக் கண்டாலும் அது அங்கேயே இருந்ததா, நாம் கொண்டுபோனதா என்று எப்படிச் சொல்வது?

இந்தக் கவலையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் மறுபடி வரும்.

கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு மாறிய லெடர்பெர்க், வேற்றுக் கிரகத்தில் உயிர்ப் பொருள்களைத் தேடும் கருவிகளைப் பற்றி நாசாவின் உதவியுடன் ஆராய்ந்தார். செவ்வாய்க்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை அனுப்பலாம். கெமிஸ்டை அனுப்ப முடியாதே. 1964-ல் அவர் ஒரு வழிமுறையை எழுதி முடித்தார். குறிப்பிட்ட அணுக்களைக் கொடுத்தால் அவற்றை எத்தனை விதமாகக் கோக்கலாமோ அத்தனையையும், ஒன்றுகூட விடாமல், ஒன்றுகூட இரண்டு முறை வராமல் பட்டியலிடும் முறை. மரக்கிளை மாதிரி கிளைவிட்டுப் போவதால் அதற்கு டெண்ட்ரல் என்று பெயர்.

1965-ல் எட்வர்ட் ஃபைகன்பாம் என்ற இளைஞர் ஸ்டான்ஃபோர்டின் கம்ப்யூட்டர் துறையில் வந்து சேர்ந்தார். மனிதர்கள் கண்ட விவரங்களிலிருந்து எப்படி ஊகம் செய்கிறார்கள் என்பதைக் கம்ப்யூட்டரில் செய்து பார்க்க அவருக்கு ஆசை. லெடர்பெர்கிடம் சரியான புதிர் இருந்தது. அடுத்த வருடம் புரூஸ் புக்கானன் சேர்ந்தார். இவர் படித்தது தத்துவம்! நான்காவது ஆள் கார்ல் ஜெராஸி. 1951-ல் மெக்சிகோவில் கருத்தடை மாத்திரைக்கான மூலப்பொருளை உருவாக்கிய குழுவின் தலைவர், மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் கரை கண்டவர். மரபியல், கம்ப்யூட்டர், தத்துவம், வேதியியல் நான்கும் ஒரே மேஜையில் உட்கார்ந்தன. டிபார்ட்மென்ட் விட்டு டிபார்ட்மென்ட் எட்டிப் பார்க்காத நமக்கு இதிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

28-ன் ரகசியம்

டெண்ட்ரல் மூன்று படியாக வேலை செய்தது. முதலில் ஸ்பெக்ட்ரத்தைப் பார்த்து, இன்ன அமைப்பு கட்டாயம் இருக்க வேண்டும், இன்னது இருக்கவே கூடாது என்று இரண்டு பட்டியல் போடும். இரண்டாவது, அந்த வரம்புக்குள் அடங்கும் கோவைகளை எல்லாம் உருவாக்கும். மூன்றாவது, ஒவ்வொரு கோவையும் உடைந்தால் எப்படி உடையும் என்று ஊகித்து, உண்மையான ஸ்பெக்ட்ரத்தோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்தும். எழுதப்பட்ட மொழி லிஸ்ப்.

முதலில் எல்லோரும் நினைத்தது, நடுவில் உள்ள அந்த உருவாக்கும் எந்திரம்தான் புத்திசாலி என்று. அது களைப்பில்லாமல் லட்சக்கணக்கில் கோத்துக்கொண்டே போனது. அவ்வளவையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? காரியத்தைச் சாதித்தவை ஜெராஸி குழுவிடமிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிச் சேர்த்த சின்னச் சின்ன விதிகள்.

ஒரு விதியைப் பார்ப்போம். கீட்டோன் என்ற வகைப் பொருளில் நடுவில் ஒரு கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்து நிற்கும்; அந்த ஜோடியின் எடை 28. உடையும்போது ஜோடிக்கு இடது பக்கமும் உடையலாம், வலது பக்கமும் உடையலாம். எந்தப் பக்கம் உடைந்தாலும் ஜோடி மின்னேற்றமுள்ள துண்டோடு போகும். ஆகவே இரண்டு துண்டுகளின் எடையைக் கூட்டினால் முழு எடையைவிட 28 அதிகமாக வரவேண்டும். ஜோடி இரண்டு முறை எண்ணப்படுகிறதல்லவா? ஆக்டனோன் வகை ஒன்றின் முழு எடை 128. அதன் ஸ்பெக்ட்ரத்தில் 57, 99 இரண்டும் இருக்கின்றன. கூட்டினால் 156. அதாவது 128-உம் 28-உம். மேலும் 57-லிருந்து 28 போனால் 29, 99-லிருந்து 28 போனால் 71. அந்தக் கோடுகளும் இருக்கின்றனவா? இருந்தால் கீட்டோன். கார்பன் ஆக்சிஜன் ஜோடி மூன்றாவது இடத்தில் என்பதுவரை தெரிந்துவிடுகிறது.

கெமிஸ்டுக்கு இது கைவந்த கலை. பார்த்தவுடன் சொல்லிவிடுவார், ஏன் என்று கேட்டால் உடனே சொல்ல வராது. கூட உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு, "இதைப் பார்த்ததும் ஏன் அதைத் தள்ளினீர்கள்?" என்று நச்சரித்து, விதியாக எழுதி, புரோகிராமில் போட்டு, அது தப்பாகச் சொன்னதும் மறுபடி போய் நிற்க வேண்டும். ஃபைகன்பாம் இதிலிருந்து எடுத்துக்கொண்ட முடிவு கம்ப்யூட்டர் உலகத்தையே கொஞ்சம் திருப்பிவிட்டது: பொதுவான யோசிக்கும் திறமையைவிட, அந்தத் துறையைப் பற்றிய அறிவுதான் புரோகிராமுக்குப் பலம். எக்ஸ்பர்ட் சிஸ்டம் என்ற வகையே இங்கிருந்து கிளைத்தது. 1994-ல் ஃபைகன்பாமுக்கு டூரிங் விருது கிடைத்தபோது உடன் பெற்றவர் ராஜ் ரெட்டி. நம் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-ல் சிவில் முடித்தவர்!

1969 முதல் இந்தக் குழுவின் கட்டுரைகள் வேதியியல் இதழ்களிலேயே வரத் தொடங்கின. கீட்டோன், ஈதர், அமீன் என்று ஒவ்வொரு குடும்பமாகக் கடந்தார்கள். வளையம் உள்ள மாலிக்யூல்கள் முதலில் தண்ணி காட்டின; 1970-களின் நடுவில் அவற்றையும் கையாளும் கான்ஜென் என்ற புரோகிராம் வந்தது. மெட்டா-டெண்ட்ரல் என்ற இன்னொன்று, ஸ்பெக்ட்ரங்களைப் பார்த்துத் தானாகவே விதிகளை எழுதியது. ஸ்டீராய்டு குடும்பம் ஒன்றுக்கு அது கண்டுபிடித்த விதிகள் 1976-ல் இதழில் வெளியாயின.

பட்டியல் வென்ற கதை

இவ்வளவு பெருமை இருந்தும் இன்று ஒரு சாதாரண லேபுக்குப் போனால் டெண்ட்ரல் இருக்காது. அங்கே ஓடுவது பட்டியல் தேடல். ஆம், நம் ப்ளஸ் டூ முறையேதான்!

டெண்ட்ரல் வளர்ந்த அதே காலத்தில் வேறு சிலர் நேர்வழியில் போனார்கள். தெரிந்த பொருள்களின் ஸ்பெக்ட்ரங்களைச் சேர்த்து ஒரு லைப்ரரி செய். புதிதாக வந்ததை அதோடு ஒப்பிடு. அந்நாளைய கம்ப்யூட்டரில் நினைவக இடம் குறைவு. முழு ஸ்பெக்ட்ரத்தையும் வைக்க முடியாது. 1971-ல் எம்.ஐ.டி.யில் கிளாஸ் பீமன் குழு ஒரு சிக்கன வழி சொன்னது. ஒவ்வொரு 14 எடைக்கும் ஒரு கட்டம். கட்டத்துக்கு இரண்டு உயரமான கோடுகளை மட்டும் வைத்துக்கொள். ஏன் 14? ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் சேர்ந்த எடை. ஆர்கானிக் சங்கிலியில் ஒரு கண்ணி.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் மெக்லாஃபர்ட்டி இன்னொரு நுணுக்கம் சேர்த்தார். எல்லாப் பொருளிலும் வருகிற கோட்டுக்கு மதிப்பெண் குறைவு, அபூர்வமாக வருவதற்கு அதிகம். தவிர, தலைகீழாகத் தேடு: "லைப்ரரியில் உள்ள இந்தப் பொருளின் கோடுகள் என் சாம்பிளில் இருக்கின்றனவா?" என்று கேள். சாம்பிளில் வேறு கோடுகள் கலந்திருந்தாலும் பாதகமில்லை. கலவைகளுக்கு இது வரப்பிரசாதம்.

அமெரிக்க அரசு நிறுவனங்கள் 1978-ல் 25 ஆயிரத்துக்கு மேற்பட்ட பொருள்களின் ஸ்பெக்ட்ரங்களைத் தடிதடியாக நான்கு புத்தகங்களாக வெளியிட்டன. அந்தத் தொகுப்பு பின்னர் நிஸ்ட் என்ற அரசு அமைப்பின் பொறுப்பில் வளர்ந்து, இன்று மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பொருள்களை வைத்திருக்கிறது. தேட ஒரு விநாடி. பெயர், பக்கத்தில் பொருத்தத்துக்கு ஒரு மதிப்பெண். யோசிக்கிற டெண்ட்ரல் நிபுணர்களைக் கேட்டது. தேடுகிற லைப்ரரி டிஸ்க்கில் இடம் மட்டும் கேட்டது. டிஸ்க் மலிவாகிக்கொண்டே போனது. 1980-களின் தொடக்கத்தில் டெண்ட்ரல் திட்டம் முடிவுக்கு வந்தது.

தோற்றதா என்றால், இல்லை என்பேன். கெமிஸ்டிடம் உட்கார்ந்து கேட்கும் பழக்கத்தை அது விட்டுப்போனது. அந்தப் பழக்கம் இல்லாமல் நான் பட்ட பாடு ஒன்று.

149

வேலையில் சேர்ந்த புதிது. நான் தேடல் பகுதியில் கைவைத்திருந்த சாஃப்ட்வேரை ஒரு லேபில் போட்டுக் காட்டினோம். குடிநீர் சாம்பிள். திரையில் ஒரு பெயர், பக்கத்தில் அழகான மதிப்பெண், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல். நான் பூரித்துப்போனேன். "மேடம், தண்ணில பிளாஸ்டிக் சேர்மானம் கலந்திருக்கு. ரிப்போர்ட்ல போட்டுடலாமா?"

முப்பது வருடம் அந்த வேலையிலேயே இருந்த அந்த அம்மையார் கோட்டை ஒரு பார்வை பார்த்தார். "149-ஆ? இது தண்ணில இருந்து வந்தது இல்ல தம்பி. தண்ணி வந்த பாட்டில்ல இருந்து வந்தது. முதல்ல வெறும் சால்வென்ட்டை ஓட்டிப் பாருங்க."

ஓட்டினோம். தண்ணீரே இல்லாத சால்வென்ட்டிலும் 149 நிமிர்ந்து நின்றது. பிளாஸ்டிக்கை வளைந்துகொடுக்க வைக்கச் சேர்க்கும் தாலேட் வகைப் பொருள்கள் பல. ஏறக்குறைய எல்லாம் உடையும்போது 149-ல்தான் உயரமான கோடு தரும். குழாய், மூடி, கையுறை, பாட்டில் எதிலிருந்தும் வரும். சாஃப்ட்வேர் சொன்ன குடும்பம் சரி. அந்தக் குடும்பத்தில் எந்த ஆள் என்பது சந்தேகம். எங்கிருந்து வந்தது என்பது அதற்குத் தெரியவே தெரியாது. அந்த ரிப்போர்ட் வெளியே போயிருந்தால் ஒரு ஊரின் குடிநீர்மேல் வீண் பழி விழுந்திருக்கும். மதிப்பெண் தொண்ணூறு என்பதால் யாரும் கேள்வியும் கேட்டிருக்க மாட்டார்கள்.

செவ்வாயில் நடந்தது

அந்த அம்மையாரின் பேச்சு எப்போதும் சரியாகிவிடுமா என்றால், அதற்கும் சரித்திரத்தில் பதில் இருக்கிறது.

1976 ஜூலை 20-ல் வைக்கிங்-1 செவ்வாயில் இறங்கியது; செப்டம்பரில் வைக்கிங்-2. இரண்டிலும் ஒரு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருந்தது. லெடர்பெர்க் வைக்கிங்கின் உயிரியல் குழுவில் இருந்தார். ஸ்பெக்ட்ரோமீட்டருக்குப் பொறுப்பு, 14 எடைக் கட்டம் போட்ட அதே பீமன். மண்ணைச் சூடாக்கிப் பார்த்தார்கள். எதிர்பார்த்த ஆர்கானிக் பொருள்கள் இல்லை. குளோரோமீதேன், டைகுளோரோமீதேன் என்று குளோரின் உள்ள இரண்டு மட்டும் சிறிய அளவில் கிடைத்தன. பூமியில் கருவியைக் கழுவ உபயோகித்த சால்வென்ட்டுகளின் மிச்சம் என்று குழு முடிவு செய்தது. "பாட்டிலிலிருந்து வந்தது" என்ற அதே தீர்ப்பு, நியாயமான தீர்ப்பும்கூட. லெடர்பெர்க் கல்கத்தாவில் பட்ட கவலை அப்படியே பலித்தது போலத்தான் இருந்தது.

முப்பத்திரண்டு வருடம் கழித்து, 2008-ல் ஃபீனிக்ஸ் என்ற விண்கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பு இருப்பதைக் கண்டது. (பாருங்கள், மறுபடி உப்பு!) இது சூடானால் ஆக்சிஜனும் குளோரினும் விடும். பக்கத்தில் ஆர்கானிக் பொருள் இருந்தால் எரித்துவிடும். எரிந்ததில் குளோரோமீதேன் மாதிரியானவை மிஞ்சும். சிலி நாட்டு அட்டகாமா பாலைவன மண்ணில் பெர்குளோரேட்டைக் கலந்து சூடாக்கிய ஒரு குழு, அதே இரண்டு பொருள்களும் வருவதை 2010-ல் எழுதியது. பீமன் இதை ஒப்புக்கொள்ளவில்லை; எதிர்த்து எழுதினார். பின்னர் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய் மண்ணுக்கே உரிய குளோரோபென்சீனைக் கண்டதாக 2015-ல் கட்டுரை வந்தது. வைக்கிங்கின் பழைய பதிவுகளை எடுத்து மறுபடி அலசியவர்கள் அதிலும் குளோரோபென்சீன் தடயம் இருப்பதாக 2018-ல் எழுதினார்கள். இதனால் செவ்வாயில் உயிர் இருந்தது என்று ஆகிவிடாது. ஆனால் 1976-ல் "இல்லை" என்று மூடிய கதவு அவ்வளவு இறுக்கமாக மூடியதில்லை என்று ஆகிவிட்டது.

கவனியுங்கள்: பொருளின் பெயரில் தவறே இல்லை. குளோரோமீதேன் குளோரோமீதேன்தான். அதன் மேல் கட்டிய ஊகத்துக்கு ஓர் உப்பைப் பற்றிய செய்தி குறைந்தது. பழைய பதிவுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான் நாற்பது வருடம் கழித்துத் திருப்பிக் கேட்க முடிந்தது.

"இருக்கலாம்" என்ற பத்தி

இன்றைக்கு நிலைமை என்ன? லைப்ரரியில் மூன்று லட்சம் சொச்சம். மனிதன் பெயரிட்டுப் பப்கெம் என்ற தொகுப்பில் பதிந்து வைத்திருக்கும் பொருள்களோ பதினோரு கோடிக்கு மேல். இயற்கை செய்து வைத்து நாம் இன்னும் பார்க்காதவை தனி. ஆகவே பட்டியலுக்கு வெளியே போக மறுபடி யோசிக்கும் புரோகிராம்கள் வந்துவிட்டன. ஜெர்மனியில் யேனா நகரத்தில் செபாஸ்டியன் பக்கர் குழுவும் ஃபின்லாந்து நண்பர்களும் 2015-ல் வெளியிட்ட முறை, துண்டுகளைப் பார்த்து மாலிக்யூலில் என்னென்ன அமைப்புகள் இருக்கலாம் என்று ஒரு கைரேகை தயாரித்து, அந்தக் கைரேகைக்குப் பொருந்துபவரைப் பெரிய தொகுப்பில் தேடுகிறது. விதிகளை மனிதர் எழுதுவதில்லை. ஸ்பெக்ட்ரங்களிலிருந்து மெஷினே கற்கிறது. மெட்டா-டெண்ட்ரல் 1976-ல் காட்டிய ஆசை இப்போது பெரிய அளவில் நிறைவேறுகிறது எனலாம்.

இன்று படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர் நாளைக்கு இப்படிப் பெயர் சொல்லும் மெஷின்களைச் செய்யப் போகிறீர்கள். வேதியியலில் இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில், பேங்கில், கோர்ட்டில். எந்த மெஷினும் கேட்டால் ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிடும். சொல்லும்போது மூன்று கேள்வி கேளுங்கள். சரியான விடை இதன் பட்டியலில் இருக்கிறதா? வெறும் சால்வென்ட்டை ஓட்டிப் பார்த்தாயிற்றா? இந்தத் தொழிலில் முப்பது வருடம் கைபட்டவர் யாராவது இதைப் பார்த்தாரா? பார்த்து அவர் சொன்ன பிறகும் பதிவை அழிக்காதீர்கள். அவருக்கும் ஒரு பெர்குளோரேட் காத்திருக்கலாம்.

எங்கள் குழு செய்யும் சாஃப்ட்வேரில் இப்போது மதிப்பெண் தனியாக வருவதில்லை. அடுத்தடுத்து வந்த ஐந்து பெயர்களும், வெறும் சால்வென்ட்டின் கோடுகளும் பக்கத்திலேயே வரும். அவற்றின் மேலே "இருக்கலாம்" என்று ஒரு சொல் இருக்கும். உறுதி என்று மாற்ற ஒரு மனிதர் தன் பெயரைப் பதிய வேண்டும். இதை வைத்தபோது விற்பனைப் பிரிவில் கொஞ்சம் முணுமுணுப்பு. எனக்கு மட்டும் ப்ளஸ் டூ ரெக்கார்டு நோட்டும், அதன் மூன்றாவது பத்தியில் அவசரப்பட்டு "உறுதி" என்று எழுதி, ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிட்ட ஒரு வரியும் ஞாபகத்துக்கு வந்தன.